துயில் மருந்துகளின் நன்மையும் தீங்கும்: சிங்கப்பூர் வரலாற்றை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

டோபி காட் என்றதும் சிங்கப்பூரில் இன்று பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது மூன்று பெருவிரைவு ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையமே. அந்நிலையம் 1987இல் திறக்கப்பட்டது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அப்பகுதியில் ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி வெளுத்து, அருகிருந்த புல்வெளியில் உலர்த்தினர். தமிழர் அவ்விடத்தை வண்ணான் தெரு என்று வழங்கினர். ஓடை பின்னர் ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாயிற்று, தொழில் மறைந்தது, பெயர் மட்டும் எஞ்சி நின்றது.

வெயிலை நம்பிய அத்தொழில் பொழுது புலருமுன் தண்ணீரில் இறங்கச் செய்வது. உடல் உழைப்பால் வாழ்வோர்க்கு இரவின் உறக்கம் மறுநாள் கூலிக்கு முதலீடு. இன்று அதே இடத்தில் முதல் ரயிலுக்காகக் காத்திருக்கும் மருத்துவமனைப் பணியாளர், துப்புரவாளர், காவற்பணியாளர் ஆகியோர்க்கும் இது பொருந்தும். உறக்கம் இழந்தவர் அதனைத் திரும்பப் பெற விலை கொடுக்க ஆயத்தமாயிருப்பர். அவர்க்கு அதனை விற்போரும் எக்காலத்தும் இருந்துள்ளனர்.

மருத்துவர் சீட்டின்பேரில் வழங்கப்படும் புதிய துயில் மருந்துகள் கடந்த பத்தாண்டுகளில் பல நாடுகளில் புழக்கத்துக்கு வந்துள்ளன. அவற்றின் நன்மை மிகுதியா, தீங்கு மிகுதியா என்னும் வினா மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. அது வரலாற்று மாணவர்க்கும் உரியது. ஏனெனில், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக இதே வினா வெவ்வேறு மருந்துகளின் பெயரால் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டு, மீண்டும் மீண்டும் காலங்கடந்தே விடை பெற்றிருக்கிறது. துயில் மருந்தின் நன்மை முதல் இரவிலேயே வெளிப்படுகிறது. தீங்கோ ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. ஆகவே, தராசைப் பிடித்திருப்பவர் விற்பனையால் பயன்பெறுபவராக இருப்பின், பிந்தி வரும் சாட்சியைக் கேட்க அவர் விரும்புவதில்லை. சிங்கப்பூரின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை நிறுவுவதும், அதன் ஒளியில் இன்றைய மருந்துகளை எடைபோடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

அபினியும் அரசின் வருவாயும்

உறக்கத்துக்கெனத் தமிழர் அறிந்திருந்த மரபுவழிப் பொருள்கள் சில. சாதிக்காயும் கசகசாவும் வீட்டு மருந்துகள். அபினியும் கஞ்சாவும் மருத்துவர் கைக்குரியவை. வலியைத் தணித்து உறக்கம் தருவதில் அபினிக்கு நிகராக 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை உலகில் வேறொரு மருந்து இருந்ததில்லை எனலாம்.

சிங்கப்பூருக்கு வந்த அபினியில் பெரும்பகுதி பாட்னா, காசி வட்டாரங்களில் விளைந்து, கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டுக் கப்பலேறியது. இங்கு அது காய்ச்சப்பட்டுச் சண்டு என்னும் புகைக்கும் பொருளாயிற்று. அதனை நுகர்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். தமிழ்த் தொழிலாளர்க்குக் கள்ளுக்கடையே அண்மையில் இருந்தது. எனினும், இந்திய உழவரின் விளைச்சல் சீனக் கூலியாளின் களைப்பைத் தீர்த்து ஆங்கில அரசின் கருவூலத்தை நிரப்பிய இவ்வரலாறு இந்திய ஆய்வுத்துறைக்குப் புறம்பானதன்று. சுமை தூக்கி நொந்த உடலுக்கு அபினி வலி தணித்தது. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்தாயிற்று. தனிமைக்கு மறதி தந்தது. இந்நன்மைகள் கற்பனையல்ல. தீங்கு மெல்ல வந்தது: கூலியில் பெரும்பங்கு சண்டுக்கே போயிற்று, ஊர் திரும்பும் நாள் தள்ளிப்போயிற்று.

நீரிணைக் குடியேற்ற அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்து கிடைத்த காலம் அது. 1906இல் மருத்துவர் லிம் பூன் கெங், மருத்துவர் இன் சுவாட் சுவான் ஆகியோர் அபினி எதிர்ப்பியக்கத்தை முன்னெடுத்தனர். இதனையடுத்து 1907இல் ஆளுநர் ஓர் ஆணையத்தை அமைத்தார். 1908இல் வெளிவந்த அதன் அறிக்கை, அபினியின் தீமைகள் மிகைப்படுத்தப்பட்டுள்ளன என்றும், தடை தேவையில்லை என்றும் கருதியது. குத்தகைக்காரர் கையிலிருந்த வணிகத்தை அரசே ஏற்கலாம் என அது பரிந்துரைத்தது. அவ்வாறே 1910 முதல் அபினி அரசின் தனியுரிமையாயிற்று. வருவாயில் பாதியை அபினியிலிருந்து பெற்ற ஓர் அரசு, அபினியை எடைபோட்டு, தீங்கு சிறிதெனக் கண்டு, விற்பனையைத் தானே மேற்கொண்டது. ஆணையத்தார் பொய்யுரைத்தனர் எனக் கொள்ளத் தேவையில்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து அவ்வளவே தெரிந்தது எனக் கொள்வதே தகும்.

மேலும் ஒரு செய்தி கருதத்தக்கது. 1925இல் அரசு அபினி வருவாய் ஈட்டு நிதி என ஒன்றைத் தொடங்கி, வருங்கால இழப்பை ஈடுசெய்யப் பணம் ஒதுக்கத் தொடங்கியது. நெடுநாள் மருந்துண்டவரைப் போலவே அரசும் படிப்படியாகவே விடுபட வேண்டியிருந்தது. 1933இல் மருத்துவர் சென் சூ லான் அபினி எதிர்ப்பு மருத்துவமனையை நடத்தத் தொடங்கினார். 1943 நவம்பரில், மலாயாவும் சிங்கப்பூரும் சப்பானியர் வசமிருந்த வேளையில், தாம் மீண்டும் ஆளவிருக்கும் கிழக்கு நாடுகளில் அபினி புகைத்தலை அனுமதிப்பதில்லை என ஆங்கில அரசு அறிவித்தது. 1946இல் பிரித்தானிய இராணுவ நிர்வாகம் அதனைச் சட்டமாக்கியது. அந்நிர்வாகத்துக்கு மேலிருந்த மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் அப்போது டோபி காட்டில், 1939இல் திறக்கப்பட்ட கேத்தே கட்டடத்தில் இயங்கியது. இழப்பதற்கு வருவாய் ஏதும் இல்லாத நிலையில்தான் தடை இயன்றது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

துயிலும் துஞ்சலும்

தமிழில் துஞ்சுதல் என்னும் வினை உறங்குதலையும் இறத்தலையும் ஒருங்கே குறிக்கும். புறநானூற்றுக் கொளுக்களில் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் போன்ற பெயர்களைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனை நன்கறிவர். ஐரோப்பிய வேதியியல் ஆக்கிய முதல் துயில் மருந்துகளின் வரலாறு இவ்விரு பொருளுக்கும் இடையிலான தொலைவு எத்துணைக் குறுகியது என்பதன் வரலாறேயாகும்.

1869இல் செருமானியரான லீப்ரைக் குளோரல் ஹைட்ரேட்டின் துயிலூட்டும் தன்மையை வெளிப்படுத்தினார். அபினியைப் போல் அடிமைப்படுத்தாது என அது வரவேற்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதற்கு அடிமையானோர் தோன்றினர். 1903இல் எமில் ஃபிஷரும் மேரிங்கும் வெரோனல் என்னும் பார்பிட்டாலை அறிமுகப்படுத்தினர். 1912இல் லூமினல் என்னும் பீனோபார்பிட்டால் வந்தது. நாற்றமும் கசப்பும் மிக்க குளோரலைவிட இவை உண்பதற்கு எளியவை. ஆயின், உறங்கச் செய்யும் அளவுக்கும் உயிர் பறிக்கும் அளவுக்கும் இடையே அவற்றில் இடைவெளி சிறிது. மருந்து பழகப் பழக உறங்கத் தேவையான அளவு கூடும். உயிரைப் பறிக்கும் அளவோ அதே விகிதத்தில் கூடாது. எனவே நாள்தோறும் அவ்விடைவெளி சுருங்கும். தற்செயலாகவும் தற்கொலையாகவும் நேர்ந்த சாவுகள் பல நாடுகளில் பெருகின. 1962இல் நிகழ்ந்த நடிகை மர்லின் மன்றோவின் மறைவும் இம்மருந்துடன் தொடர்புடையதே.

இந்த அச்சமே அடுத்த மருந்துக்கு வழிவகுத்தது. 1957இல் மேற்குச் செருமனியில் கான்டர்கன் என்னும் பெயரில் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. அளவு மிஞ்சினாலும் உயிர் போகாது என்பதே அதன் சிறப்பாகக் கூறப்பட்டது. அக்கூற்றில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆயின், அதனை எடைபோட்டவர் உண்டவரின் உயிரை மட்டுமே தட்டில் வைத்தனர். கருப்பையிலிருந்த உயிரை வைக்கவில்லை. 1961 நவம்பரில் அது செருமானியச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்படுவதற்குள், உலகெங்கும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறையுடன் பிறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவில் அம்மருந்து அங்கீகாரம் பெறாமல் தடுத்தவர் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் அலுவலரான ஃபிரான்சஸ் கெல்சி. அவர் செய்தது ஒன்றே: போதிய சான்று வரும்வரை ஒப்பமிட மறுத்தார்.

இந்தியாவில் பிறந்து சிங்கப்பூர் வந்த மாத்திரை

பார்பிட்டுரேட்டுக்கு மாற்றாக வந்த மற்றொரு மருந்தின் கதை நமக்கு இன்னும் அண்மையானது. 1951இல் இந்திய வேதியியலாரான இந்திர கிஷோர் கக்கரும் சையத் உசேன் சகீரும், மலேரியாவுக்கு மருந்து தேடும் முயற்சியினிடையே மெத்தாகுவலோன் என்னும் சேர்மத்தை ஆக்கினர். 1955இல் இலக்னோவில் குஜ்ராலும் அவருடன் பணியாற்றியோரும் அவ்வகைச் சேர்மங்களின் துயிலூட்டும் ஆற்றலை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். விடுதலை பெற்ற இந்தியாவின் தொடக்ககால மருந்தாய்வில் இது பெருமைக்குரிய ஒரு படிதான்.

1965இல் பிரித்தானியாவில் அது ஒவ்வாமைக்கான மருந்தொன்றுடன் கலந்து மாண்ட்ராக்ஸ் என்னும் பெயரில் சந்தைக்கு வந்தது. பார்பிட்டுரேட் அல்லாதது என்பதே அதன் தகுதிச் சான்று. ஒரு மருந்தின் தகுதி அது எதுவன்று என்பதால் அறியப்படுமாயின், அது எது என்பதை அறிய யாரும் அவசரப்படுவதில்லை. மெத்தாகுவலோனும் உடலைச் சார்புக்குள்ளாக்குவது; மதுவுடன் சேரின் உயிருக்கு ஊறு விளைப்பது. இவை தெரியவரும் முன்னரே அது களிப்புக்குரிய மாத்திரையாகிவிட்டது.

சிங்கப்பூரில் 1960களின் இறுதியில் எம்எக்ஸ் மாத்திரை என இளைஞரிடையே பரவியது இதுவே. அபினி முதியோரின் பழக்கமாய்த் தேய்ந்துகொண்டிருந்த வேளையில், மருந்துக்கடை அடுக்கிலிருந்து ஒரு புதிய பழக்கம் புறப்பட்டது. முந்தைய சட்டங்கள் அபினியையும் அதன் இனத்தையும் கருதி எழுதப்பட்டவை. உறக்கத்துக்கென ஆக்கப்பட்ட மாத்திரையை அவை எதிர்பார்க்கவில்லை. எனவே 1969இல் மருந்துகளின் முறைகேடான பயன்பாட்டைத் தடுக்கும் தனிச்சட்டம் தேவைப்பட்டது. 1971இல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அமைந்தது. 1973இல் பழைய சட்டங்களை ஒருங்கிணைத்துப் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. சிங்கப்பூரின் கடுமையான போதைப்பொருள் சட்டங்களைப் பற்றிப் பேசுவோர் ஹெராயினையே நினைப்பர். ஹெராயின் பெருகுவதற்கு முன்னரே அவ்வமைப்பின் அடித்தளம் இடப்பட்டுவிட்டது என்பதும், அதற்குக் காரணமானவற்றுள் ஒன்று துயில் மாத்திரை என்பதும் பரவலாக அறியப்படாதவை.

அமெரிக்கா 1984இல் மெத்தாகுவலோனை மருத்துவப் பயனற்ற பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் அதனைக் கட்டுப்படுத்தியது. தென்னாப்பிரிக்காவில் மாண்ட்ராக்ஸ் என்னும் பழைய பெயரிலேயே சட்டவிரோதமாக அது இன்றும் புழங்குகிறது.

எழுதும் கையும் விற்கும் கையும்

1960இல் லிப்ரியம், 1963இல் வாலியம், 1965இல் மொகடான் என வந்த பென்சோடயஸிபின் குடும்பம் பார்பிட்டுரேட்டின் இடத்தைப் பிடித்தது. மூளையின் செயலைத் தணிக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் ஆற்றலை இவை மிகுவிக்கின்றன. தனித்து உண்டால் இவற்றின் மிகையளவு பார்பிட்டுரேட்டைப்போல் எளிதில் கொல்வதில்லை. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மதுவுடனோ அபினி இனத்து மருந்துகளுடனோ சேரும்போது மூச்சு அடங்கும் அபாயம் உண்டு. சில வாரங்கள் தொடர்ந்து உண்டவர் திடீரென நிறுத்தினால் முன்னினும் கொடிய உறக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்பு ஆகியனவும் நேரும்.

சிங்கப்பூரில் இதன் தாக்கத்தை விளங்கிக்கொள்ள அந்நாட்டு மருத்துவ வணிகத்தின் ஓர் அமைப்பைக் கருத வேண்டும். அங்குத் தனியார் மருத்துவர் மருந்தை எழுதுவதோடு தம் மருத்துவகத்திலேயே விற்கவும் செய்கிறார். நோயாளிக்கு இது வசதியானது. பெரும்பாலான மருத்துவர் நேர்மையாளர். ஆயினும், எடைபோடும் கையும் விற்கும் கையும் ஒன்றாவதன் ஆபத்து துயில் மருந்தில் மற்றெதனினும் மிகுதி. ஏனெனில், இம்மருந்தை வாங்கியவர் மீண்டும் வருவது உறுதி.

2002இல் ஹெராயினிலிருந்து மீள்வோர்க்காக சுபுடெக்ஸ் என்னும் மருந்து சிங்கப்பூரில் அறிமுகமானது. அதனைச் சிலர் டார்மிகம் எனப்படும் மிடஸோலம் துயில் மாத்திரையுடன் கரைத்து ஊசிவழி ஏற்றிக்கொண்டனர். அடைபட்ட இரத்தக்குழாய்களும் அழுகிய உறுப்புகளும் உயிரிழப்புகளும் அதன் விளைவுகளாயின. 2006 ஆகஸ்டில் சுபுடெக்ஸ் கடுந்தடைக்குரிய பொருளாக்கப்பட்டது. துயில் மாத்திரைகளைப் பொறுத்தவரை, சுகாதார அமைச்சு 2002இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. 2008இல் அது மேலும் இறுக்கப்பட்டது. மொத்தம் எட்டு வாரங்களுக்கு மேல் இம்மருந்துகள் தேவைப்படுவோரைத் தகுந்த சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதும், எழுதியதற்கான காரணத்தையும் நோயாளியின் நிலையையும் முறையாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதன் முதன்மைக் கூறுகள். மிடஸோலம், நிமெட்டஸிபம் ஆகிய இரண்டும் மிகுந்த அடிமைத்தன்மை உடையவை எனத் தனித்துச் சுட்டப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் ஒழுங்கு விசாரணைகளில் துயில் மருந்து வழங்கல் தொடர்பானவை கணிசமாக இடம்பெற்றன.

1908ஆம் ஆண்டின் ஆணையத்தையும் 2008ஆம் ஆண்டின் வழிகாட்டுதலையும் ஒப்பிடுதல் பயனுடையது. முன்னதில் எடைபோட்டவர் விற்பனை வருவாயை நம்பியிருந்தார். பின்னதில் எடைபோட்டவர்க்கு அவ்விற்பனையில் பங்கில்லை. நூறாண்டு இடைவெளியில் நிகழ்ந்த உண்மையான முன்னேற்றம் வேதியியலில் மட்டுமன்று. தராசு கைமாறியதிலும் உள்ளது.

புதிய மருந்துகள்: தராசின் இரு தட்டுகள்

பென்சோடயஸிபினின் குறைகளைச் சாட்சியாக்கி அடுத்து நுழைந்தவை சோபிக்லோன், சோல்பிடெம் முதலியன. சோல்பிடெம் அமெரிக்காவில் 1992இல் ஒப்புதல் பெற்றது. பெண்களின் உடலில் அது மெல்லவே குறைகிறது என்பதும், காலையில் வாகனம் ஓட்டும்போதும் அதன் தாக்கம் எஞ்சியிருக்கலாம் என்பதும் கருதப்பட்டு, பெண்களுக்கான தொடக்க அளவு 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது 2013இல். இடைப்பட்ட ஆண்டுகள் 21. உறக்கத்திலேயே நடத்தல், சமைத்தல், வாகனமோட்டல் போன்ற அரிய, ஆனால் கொடிய நிகழ்வுகளுக்கான உச்ச எச்சரிக்கை 2019இல் சேர்க்கப்பட்டது. பென்சோடயஸிபின் குடும்பம் முழுமைக்கும் சார்புநிலை பற்றிய உச்ச எச்சரிக்கை 2020இல் வந்தது. லிப்ரியம் வந்து அப்போது 60 ஆண்டுகள் ஆகியிருந்தன. சாட்சி எத்துணைத் தாமதமாக வருகிறது என்பதற்கு இவற்றினும் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

இன்று புதியவை எனப்படுவன ஒரெக்சின் தடுப்பிகள். விழிப்பைத் தாங்கி நிற்கும் ஒரெக்சின் என்னும் மூளைப்பொருள் 1998இல் கண்டறியப்பட்டது. சுவோரெக்சன்ட் 2014இலும், லெம்போரெக்சன்ட் 2019இலும், டாரிடோரெக்சன்ட் 2022இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. முந்தைய மருந்துகள் மூளையைப் பரவலாகத் தணித்து உறக்கத்தைத் திணித்தன. இவையோ விழிப்பைத் தாங்கும் குறிப்பை மட்டும் தளர்த்துகின்றன.

நன்மைத் தட்டில் வைக்கத் தக்கவை பல. நிறுத்தும்போது ஏற்படும் துன்பம் பென்சோடயஸிபினைவிடக் குறைவாகவே ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. மூச்சை அடக்கும் இயல்பும் குறைவு. உறக்கமின்மையும் இலேசான குறையன்று. நாட்பட்ட உறக்கமின்மை மனச்சோர்வுடனும் விபத்துகளுடனும் தொடர்புடையது. உறக்கமின்றித் தவிப்பவரை மனவலிமை குன்றியவராகக் கருதும் போக்கு அறியாமையின் விளைவேயாகும்.

தீங்குத் தட்டிலும் சில உள்ளன. மறுநாள் மயக்கம், உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே உடல் அசையாது நிற்கும் நிலை, அச்சந்தரும் கனவுகள் ஆகியன சிலருக்கு நேர்கின்றன. பகலில் அடக்கவொண்ணா உறக்கம் வரும் நார்கோலெப்சி நோயாளர்க்கு இவை ஆகா. அமெரிக்காவில் இவையும் முறைகேட்டுக்கு இடமுள்ள கட்டுப்பாட்டுப் பொருள்களாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து உண்டவரின் பட்டறிவு இப்போதுதான் திரளத் தொடங்கியுள்ளது.

சுவோரெக்சன்டின் கதையில் நம் வாதத்துக்கு அரண் சேர்க்கும் நிகழ்வொன்று உண்டு. உற்பத்தி நிறுவனம் முதலில் 30, 40 மில்லிகிராம் அளவுகளுக்கும் ஒப்புதல் கோரியது. மறுநாள் வாகனமோட்டும் திறன் குன்றும் எனக் கருதிய அமெரிக்க நிர்வாகம் 2013இல் அவ்வளவுகளை ஏற்க மறுத்தது. பின்னர் 10 மில்லிகிராமைத் தொடக்கமாகவும் 20 மில்லிகிராமை உச்சமாகவும் வரையறுத்தே ஒப்புதல் வழங்கியது. சோல்பிடெமில் 21 ஆண்டுகள் கழித்துக் கேட்கப்பட்ட கேள்வி, இம்முறை விற்பனைக்கு முன்னரே கேட்கப்பட்டது. அந்நிர்வாகத்தின் மதிப்பீட்டுச் செலவில் ஒரு பகுதி 1992 முதல் விண்ணப்பிக்கும் நிறுவனங்களின் கட்டணத்தால் நடைபெறுகிறது என்பதையும் மறைக்கலாகாது. தராசு முற்றிலும் சார்பற்ற கையில் இருக்கும் நாள் இன்னும் வரவில்லை.

விலையற்ற மாற்று ஒன்றும் உண்டு. படுக்கும் நேரம், படுக்கையில் விழித்திருக்கும் நேரம், உறக்கத்தைப் பற்றிய அச்சம் ஆகியவற்றைப் பயிற்சியால் திருத்தும் நடத்தைவழிச் சிகிச்சையே முதலில் அளிக்கப்பட வேண்டும் என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதனைப் பொட்டலமிட்டு விற்க இயலாது என்பதே அது பரவாமைக்கு ஒரு காரணம் எனத் தோன்றுகிறது.

சொல்லில்லாக் குறை

தமிழாசிரியரும் ஆய்வாளரும் கருத வேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது. மேலே கண்ட பல்வேறு மருந்துகளுக்கும் தமிழ்ப் பேச்சில் பெயர் ஒன்றே: தூக்க மாத்திரை. நம் திரைப்படங்களில் நாயகியோ நாயகனோ கைநிறைய அள்ளி விழுங்கும் மாத்திரை பார்பிட்டுரேட் காலத்தது. அப்படிமம் மாறாமையால் ஒருசாரார் எல்லாத் துயில் மருந்தையும் நஞ்செனக் கருதி, தேவையுள்ளபோதும் மறுக்கின்றனர். மறுசாரார், உயிர் போகவில்லையாதலால் தாம் உண்பது தீங்கற்றது என நம்புகின்றனர்.

இதனை நாம் நேரில் கண்டோம். சிங்கப்பூரில் வாழும் நம் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர், கணவரை இழந்த நாள்களில் மருத்துவகம் ஒன்றில் துயில் மாத்திரை பெற்றார். அது அவருக்குப் பெருந்துணையாயிற்று. அந்நாள்களில் அவர் உறங்கியது அம்மாத்திரையால்தான். ஆனால் இரண்டு வாரத் தேவை ஆறாண்டு வழக்கமாயிற்று. இனியும் வேண்டுமா என அவரை யாரும் வினவவில்லை. உறையில் இருந்ததோ ஆங்கிலம். அவர் படித்தது தமிழ். ஒருநாள் காலை டோபி காட் நிலையத்தில் தடம் மாறும்போது நகரும் படிக்கட்டில் கால் தடுமாறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முதுமையில் இம்மருந்துகள் தள்ளாட்டத்தையும் வீழ்ச்சியையும் மிகுவிக்கும் என்பதை அதன் பின்னரே அறிந்தோம். அதையடுத்து வேறொரு மருத்துவர், இனி ஒரு மாத்திரையும் தரவியலாது எனத் திருப்பியனுப்பினார். நடுக்கத்துடனும் உறக்கமின்றியும் நான்கு இரவுகள் கழிந்தன. அவரை அதனினும் வருத்தியது, மருந்துக்கு அடிமையாகிவிட்டீர்கள் என்று தம் முகத்துக்கு நேரே கூறப்பட்ட சொல்தான். மூன்றாவது மருத்துவர் ஒருவர் அளவைச் சிறிது சிறிதாக ஐந்து மாதங்களில் குறைத்து அவரை மீட்டார்.

நன்மை, தீங்கு, கட்டுப்பாட்டால் விளையும் தீங்கு ஆகிய மூன்றும் இவ்வொருவர் வாழ்விலேயே அமைந்துள்ளன. அஞ்சி எழுதாமல் விடுவதும் ஆராயாமல் எழுதுவதைப் போன்றே நோயாளியைக் கைவிடுவதாகலாம்.

அவர் எவரையும் ஏமாற்றி மருந்து பெறவில்லை, இன்பத்துக்காக உண்ணவுமில்லை. சொன்னபடி உண்டார், உடல் அதற்கு இயைந்துகொண்டது. இதனைச் சார்புநிலை எனலாம், அடிமைநிலை வேறு. இவ்வேறுபாட்டைப் பேச்சுத் தமிழ் அறியாததன்று. மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது என்றால் அதன் ஆற்றல் குறைந்தது என்பது பொருள். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்றால் அதுவின்றி உடம்பு இயங்காது என்பது பொருள். எழுவாயை மாற்றி இரு வேறு நிலைகளைக் குறிக்கும் இந்நுட்பத்தை நம் கலைச்சொல்லாக்கமும் சுகாதாரக் கையேடுகளும் பயன்கொள்ளவில்லை. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாட்டில், முதியவர் தம் மருத்துவரிடம் கேட்கத்தக்க வினாக்களைத் தமிழில் ஆக்கித் தருதல் மொழித்துறையின் கடமைகளுள் ஒன்றாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு. துயில் மருந்து ஒவ்வொன்றும் உண்மையான துன்பமொன்றுக்கு உண்மையான தீர்வாகவே வந்தது. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் குற்றத்தையே தன் நற்சான்றாகக் காட்டியது. தீங்கு எப்போதும் பின்னரே தெரிந்தது. எத்துணைப் பின்னர் என்பதைத் தீர்மானித்தவற்றுள் முதன்மையானது தராசு யார் கையிலிருந்தது என்பதே. சிங்கப்பூர் 1908இல் ஒரு விடையும் 2008இல் வேறொரு விடையும் கண்டமைக்கு இதுவே காரணம்.

எனவே, புதிய மருந்தை ஏற்பதா மறுப்பதா என்பதைவிட, அதனை யார், எவ்வளவு காலத்துக்கு, மறுபடி எப்போது எடைபோடுவார் என்பதே கேட்கத்தக்க வினா. முதல் மாத்திரை எழுதப்படும் நாளிலேயே அதனை நிறுத்தும் நாளும் பேசப்பட வேண்டும். ஏற்கெனவே நெடுங்காலம் உண்டு வருவோர் இக்கட்டுரையைக் கண்டு தாமாக நிறுத்திவிடலாகாது. மருத்துவர் துணையுடன் மெல்லக் குறைப்பதே முறை. ஓர் அரசே அபினி வருவாயிலிருந்து விடுபடப் பல்லாண்டுகள் எடுத்துக்கொண்டது. கணவரை இழந்த ஒரு மூதாட்டிக்கு ஐந்து மாதங்கள் தருவது மிகையன்று.